பாலாற்றில் பலகை விட்ட கதை

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது நமக்கு அன்போடு கொடுத்துவிட்டுப் போகும் சாமான்களை நான் பத்தொன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். பாதி தீர்ந்த கொசு மருந்து, கைப்பிடி ஆடுகிற குடை, மாமல்லபுரத்தில் வாங்கி மூன்றாம் நாளே தும்பிக்கை உடைந்த கல் பிள்ளையார். பெட்டியின் எடை ஏறிவிட்டது என்று தெரிந்ததும் எல்லாம் அன்பளிப்பாக மாறிவிடும். எனக்கு ஸ்கிம் போர்டு கிடைத்ததும் இப்படித்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் வேலை செய்கிறேன். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எங்கே பசை வழிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் என்பதால் வீட்டில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

நான் பாஸ் செய்த ஷூக்களை மறுபடி சோதிக்க, பையர், அதாவது சரக்கு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி, ஒரு இன்ஸ்பெக்டர் அம்மாவை அனுப்பியிருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆறு மாதம் இருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை என் உயிரை எடுப்பார். சனிக்கிழமை காரில் மாமல்லபுரம் போய்விடுவார். திங்கட்கிழமை தோல் உரிந்த மூக்கோடு வந்து மறுபடி உயிரை எடுப்பார். ஒருமுறை நான் பாஸ் செய்த லாட் முழுவதையும், இடது கால் ஷூவின் நிறமும் வலது கால் ஷூவின் நிறமும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார். ஒரு மணி நேரம் வாதாடினேன். இரண்டையும் வெயிலில் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. இதை இதுவரை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அவர் என் மேஜைமேல் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து வைத்தார். முட்டை வடிவம், என் இடுப்பு உயரம், வார்னிஷ் பளபளப்பு. அலை வந்து திரும்பும்போது கடற்கரை மணல்மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்குமே, அதன்மேல் இந்தப் பலகையை வீசி, கூடவே ஓடி, ஏறி நின்றால் வழுக்கிக்கொண்டே போகலாமாம். போனில் வீடியோ காட்டினார். அதில் அவரே, அந்த வயதில், தண்ணீர்மேல் கோடு கிழித்தமாதிரி போனார்.

"உன் கண் நல்ல கண். கால் எப்படி என்று பார்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அதிலும் பாதிதான் பாராட்டு.

கம்பெனியிலிருந்து ஒரு குண்டூசியை வெளியே எடுத்துப் போகவேண்டும் என்றாலும் கேட் பாஸ் வேண்டும். செக்யூரிட்டி பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது?"

"ஸ்கிம் போர்டு."

"அப்டின்னா?"

"தண்ணி மேல நின்னுக்கிட்டு வழுக்கிட்டுப் போறது."

"யாரு?"

"நான்தான்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். நாற்பத்து நாலு வயது, கண்ணாடி, முழங்கால் வலிக்குப் போட்டிருந்த பட்டை. பிறகு குனிந்து, 'பெரிய சப்பாத்திப் பலகை ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து மேஜைக்காரி பலகையைப் பாதி மடியில் வாங்கிக்கொண்டாள். பர்தாவுக்குள்ளிருந்து அவள் சொல்வதைக் கேட்டால் பஸ்ஸே சிரிக்கும். "அக்கா, எல்லாம் சரி. கடல் எங்க கீது?" என்றாள். பஸ் சிரித்தது. நியாயமான கேள்விதான். எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு நாலு மணி நேரம்.

என் வீட்டுக்காரர் ஹைஸ்கூலில் பிசிக்ஸ் வாத்தியார். எந்த விஷயமானாலும் மூன்று நாள் வீடியோ பார்த்தால் போதும், பிறவியிலேயே அந்தத் தொழிலில் இருந்தவர்போல் பேச ஆரம்பித்துவிடுவார். கொரோனா காலத்தில் அப்படித்தான் ரொட்டி சுடுவதில் நிபுணரானார். ரொட்டி மட்டும் வரவில்லை. பலகைக்கும் அதே மூன்று நாள். நாலாம் நாள் சாப்பாட்டுத் தட்டின்மேல் ஸ்பூனைச் சறுக்கிக் காட்டி உராய்வு பற்றி வகுப்பு எடுத்தார். பிறகு பலகையை இரண்டு ஸ்டூல்மேல் படுக்கவைத்து அதன்மேல் தன் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டார். ஒரு வருடத்துக்கும் மேலாக அது அந்த வேலையைத்தான் செய்தது. நன்றாகவே செய்தது.

பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தது.

பாலாற்றில் தண்ணீர் வருவது எங்களுக்குத் திருவிழா. ஆந்திரப் பக்கத்து மலையில் விடாமல் மழை பெய்து, அங்கே கட்டியிருக்கும் தடுப்பணைகள் எல்லாம் நிரம்பி, மிஞ்சியது இங்கே வரும். சில வருடங்களுக்கு ஒருமுறை நடக்கிற காரியம். வந்ததும் ஊரே பாலத்துக்குப் போய் நிற்கும், பக்கத்து வீட்டுக்கு வந்த புது மருமகளைப் பார்க்கப் போவதுபோல. பூ போட்டார்கள், பால் ஊற்றினார்கள், கற்பூரம் காட்டினார்கள். ஆற்றைத் தாயே என்று கும்பிட்டுவிட்டு, பால் வாங்கிவந்த கவரையும் அதே தாயின் மடியில் விட்டெறிந்தார்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டோம். நானும் எடுத்தேன்.

ஒரு வாரத்தில் வேகம் அடங்கியது. நடு ஆற்றில் ஒரு ஓட்டம், கரையோரமெல்லாம் அகலமாக மணல், அந்த மணலின்மேல் கண்ணாடித் தாள் விரித்ததுபோல் தண்ணீர். கம்பெனி பஸ் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட இருக்காது. வீடியோவில் நான் பார்த்த அதே தண்ணீர்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் பாஸ் செய்வதில் பாதிக்குமேல் ஓடுவதற்கான ஷூ. அது எப்படி வளையவேண்டும், குதிகால் எப்படி விழவேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் நான் கடைசியாக ஓடியது எட்டாம் வகுப்பில். பிறகு வயதுக்கு வந்துவிட்டதால் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் நோட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பஸ்ஸுக்காகக்கூட ஓடியதில்லை. ஓடினால் ஓட்டுநர் நிறுத்திவிடுவார், "மெதுவா வாம்மா" என்பார். அன்றைக்கு ஜன்னல் வழியாக அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது என் உள்ளங்கால் குறுகுறுத்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இடம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. லாரி இறங்கி அள்ளாத மணல் எங்கள் ஆற்றில் எங்கே மிச்சம் இருக்கிறது? தண்ணீருக்கடியில் எங்கே பள்ளம், எங்கே தரை என்று யாருக்கும் தெரியாது. நானும் வீட்டுக்காரரும் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கம்பு வைத்துக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கடைசியில் சுடுகாட்டுக்குப் பின்னால் நீளமாக, சமமாக, திருடப்படாத மணல் கிடைத்தது. மணல் லாரிக்காரர்களுக்கு அதிகாரிகளிடம் பயம் இல்லாவிட்டாலும் பேயிடம் கொஞ்சம் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகவில்லை. வீட்டுக்காரருடைய டிராக் பேண்ட்டையும், ஆண்டுவிழாவுக்குக் கம்பெனி கொடுத்த டி-ஷர்ட்டையும் போட்டு, அதற்குமேல் துப்பட்டாவையும் போட்டுக்கொண்டேன். துப்பட்டா எதற்கு என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. வீட்டுக்காரர் கரையில், செருப்பு நனையாத தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முட்டிய மடக்கு. எடைய நடுவுல வை. சென்டர் ஆஃப் கிராவிட்டி இருக்கு பாரு..."

"நீங்க வந்து ஒரு தடவ காட்டுங்களேன்."

"நான் ஏறிட்டா யாரு உன்னக் கவனிக்கிறது?"

பலகையை வீசினேன். அழகாகத் தட்டையாக விழுந்து தண்ணீர்மேல் வழுக்கியது. ஓடினேன். குதித்து ஏறினேன். பலகை போய்விட்டது. நான் போகவில்லை. என் தலை இருந்த உயரத்தில் ஒரு கணம் என் கால் இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு ஈர மணல்மேல், முதுகெலும்பு முடிகிற இடத்தில், உட்கார்ந்த நிலையில் வந்து இறங்கினேன். ஈர மணல் மெத்தை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். சிமென்ட் தரைதான்.

அப்போதுதான் கரையைப் பார்த்தேன். சுடுகாட்டில் ஒரு சாவு வந்திருந்தது. சடங்கு முடிகிறவரை வேலையில்லாத ஆண்கள் இருபது பேர் வரிசையாக வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவுக்கு வந்தவர்கள் என்பதால் முதலில் மரியாதைக்காக அடக்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தடவை விழுந்தபோது ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். மூன்றாம் தடவைக்கு யாரும் இருமவில்லை, நேராகவே சிரித்தார்கள். கழுத்தில் துண்டு போட்டிருந்த ஒருவர் மட்டும் அக்கறையாகக் கேட்டார்.

"இன்னா வேண்டுதல்மா இது?"

"வேண்டுதல் இல்ல சார், ஸ்போர்ட்ஸ்," என்றார் என் வீட்டுக்காரர், கரையிலிருந்து.

ஏழு தடவை விழுந்தேன். எட்டாவது தடவை வீட்டுக்காரரே பலகையைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போதே பெண்கள் எல்லோரும் போனை மூடினார்கள். எப்படி மூடினார்கள் என்பதிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி மறைக்கவில்லை. "வா அக்கா. உக்கார முடியுமா, இல்ல நின்னுக்கினே வர்றியா?" என்று கேட்டு வீடியோவை நீட்டினாள். சாவுக்கு வந்த யாரோ எடுத்தது. 'ஆம்பூர் சர்ஃபிங் ஆன்ட்டி' என்று பெயர் வைத்து, ஏழு விழுதலையும் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தவில் அடி சேர்த்திருந்தார்கள். தாளம் பிசகாமல் விழுந்திருந்தேன்.

"எங்க அண்ணி பேரணாம்பட்லேர்ந்து அனுப்பிச்சாங்க. நீ இன்னிக்கி ஆந்திரா பார்டர தாண்டிட்டே," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வலி ஜாஸ்தியா?" என்று கேட்டுத் தன் கைப்பையைக் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் குரூப்பில் சூரிய உதயப் படத்தோடு 'விழுவது தோல்வியல்ல' என்கிற மாதிரி வாசகம் போடுகிறவர் அவர். அதனால் கொஞ்சம் தைரியமாகத்தான் போனேன்.

"மேடம், வீடியோ பாத்தேன். டி-ஷர்ட்ல கம்பெனி பேர் தெளிவா தெரியுது."

"சாரி சார்."

"அடுத்த தடவ விழறப்போ வேற டி-ஷர்ட்ல விழுங்க."

மதியம் சாப்பிடாமல் செக்கிங் மேஜையில் நின்றுகொண்டே அந்த வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தேன். முதல் நாலைந்து தடவை அவமானமாக இருந்தது. பத்தாவது தடவைக்குமேல் அவமானம் தேய்ந்து, கண் பழைய வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். பலகை விழுகிற விதத்தில் தப்பில்லை. ஓட்டத்திலும் தப்பில்லை. பலகையில் ஏறுவதற்கு முன் வைக்கிற கடைசி இரண்டு எட்டில்தான் தப்பு. ஏழு தடவையும் அந்த இரண்டு எட்டில் என் கால் வீச்சு குறுகியது, உடம்பு பின்னால் தயங்கியது, நின்ற இடத்திலிருந்து குதித்தேன். ஓடுகிற பலகைமேல், ஓட்டத்தை நிறுத்திவிட்டவள் குதித்தால் பலகை என்ன செய்யும்? வீட்டுக்காரருடைய சென்டர் ஆஃப் கிராவிட்டி எல்லாம் அப்புறம். குறை எனக்குத் தெரிந்துவிட்டது. கேலி செய்வதற்கென்றே எடுத்தவர் நல்ல கோணத்தில் எடுத்திருந்தார். பக்கவாட்டில், கால் முழுவதும் தெரியும்படி. அவர் யாரென்று தெரிந்தால் நன்றி சொல்வேன்.

வீடியோவை இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கும் அனுப்பினேன், வேறு யாரோ அனுப்புவதற்கு முன்னால். பதில் வரவில்லை.

முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டு, பஸ் வருவதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கெல்லாம் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தேன். மூன்று நாள் பலகையில் ஏறவே இல்லை. வீசிவிட்டு, அதன் பக்கத்திலேயே, வேகம் குறையாமல் ஓடினேன். அவ்வளவுதான். ஓடுவதற்கே எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. முதல் நாள் மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுடுகாட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். சுடுகாட்டுக் காவல்காரர் எட்டிப் பார்த்து, "அங்க சாயாதம்மா, உள்ள வர்றவங்க பாடைய அங்கதான் எறக்குவாங்க," என்றார். மூன்றாம் நாள் பலகையை முந்திவிட்டேன்.

நாலாம் நாள், ஓடிக்கொண்டே, படியில் கால் வைப்பதுபோல் ஒரு காலை வைத்தேன். குதிக்கவில்லை. அடுத்த காலையும் வைத்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. அதுதான் முதலில் தெரிந்தது. ஓடும்போது தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்கும். அது இல்லை. பலகைக்குக் கீழே மெல்லிசாக ஒரு சீறல் மட்டும். மணல் எனக்குக் கீழே பின்னால் போய்க்கொண்டிருந்தது, நான் ஒன்றுமே செய்யாமல் நின்றுகொண்டிருந்தேன். மூன்று ஆள் நீளம் இருக்கும், நாலுகூட இருக்கலாம். பிறகு பலகை மணலில் தட்டி நின்றது, நான் முழங்காலில் விழுந்தேன்.

"போச்சும்மா! இந்தவாட்டி நீயும் கூடப் போன!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காவல்காரர் கத்தினார்.

அந்த நாலு ஆள் நீளத்தை எடுத்த வீடியோ எதுவும் இல்லை. பேரணாம்பட்டுக்கு யாரும் அனுப்பவில்லை.

நான் பலகைமேல் நின்று போனதைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாழ்த்தினார், டீ போட்டுக் கொடுத்தார், தன் பயிற்சி பலித்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டார். அடுத்த ஞாயிறு காலை என்னைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். "நீ பண்ற சின்னச் சின்ன தப்பெல்லாம் இப்ப காட்றேன் பாரு," என்றார். வீசினார், ஓடினார், குதித்தார். பலகை ஒரு திசையிலும் வேட்டி ஒரு திசையிலும் போக, அவர் கையை ஊன்றிக் கீழே வந்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. சிரித்தேன். அவர் எழுந்திருக்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகுதான் ஓடினேன். ஓடுவது இப்போது பழகியிருந்தது.

எலும்பு டாக்டரிடம், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்," என்றார்.

டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரின் காதுக்குள் பார்த்தார். "பாத்ரூம்ல இவ்ளோ மணலா சார்?" என்று கேட்டார்.

கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தவர் இரண்டு நாள் எதைப் பற்றியும் வகுப்பு எடுக்கவில்லை. மூன்றாம் நாள், நான் ஆற்றிலிருந்து வந்தபோது, "அந்தக் கடைசி ரெண்டு எட்டுல என்னதான் பண்ற?" என்று கேட்டார். கல்யாணமாகி இருபது வருடத்தில் என்னிடம் அவர் பதில் தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான். சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இதற்குள் இன்ஸ்பெக்டர் அம்மாவின் பதில் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை, கம்பெனியின் பெரிய தலைகள் எல்லோருக்கும் சேர்த்து வந்தது. இந்த வருடம் ஆம்பூரிலிருந்து தனக்கு வந்த மிகச் சிறந்த சரக்கு இந்த வீடியோதான் என்றும், இந்தப் பெண்மணி அடுத்து எப்போது விழுவார் என்று தன் அலுவலகமே ஆவலோடு காத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

மேனேஜர் உடனே கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"மேடம், நான் அன்னிக்கே சொன்னேனே. வுமன் எம்பவர்மென்ட். நம்ம கம்பெனி, நம்ம ஆறு, நம்ம லேடி ஸ்டாஃப். ஒரு ஃபிலிம் எடுத்து பையருக்கு அனுப்பறோம். சுத்தமான தண்ணி, சுத்தமான தொழில். கம்பெனி டி-ஷர்ட்லயே பண்ணுங்க."

"விழுந்தா பரவால்லயா சார்?"

"எடிட் பண்ணிக்கலாம்."

வியாழக்கிழமை காலை என்று முடிவானது. புதன் சாயங்காலம் பெரிய மழை பெய்தது. மழைக்கும் தோல் தொழிலுக்கும் உள்ள நட்பு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. மழைத்தண்ணீரோடு வேறு என்னவெல்லாம் யார் யார் திறந்துவிடுகிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் மேற்கே கை காட்டுவோம். மேற்கே இருப்பவர்கள் இன்னும் மேற்கே கை காட்டுவார்கள்.

வியாழன் காலை கம்பெனி காரில் போய் இறங்கினோம். நான், மேனேஜர், கல்யாணங்களுக்கு டிரோன் விடுகிற ஒரு போட்டோகிராபர். என் மணல்மேல், நான் பத்து நாளாக ஓடிய மணல்மேல், முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை நின்றது. காற்றடித்தால் கட்டி கட்டியாகப் பிய்ந்து பறந்தது. நாற்றம் எங்களுக்குப் புதிதில்லை. அதைச் சுவாசித்துக்கொண்டுதான் குழந்தை பெற்றோம், படிக்க வைத்தோம்.

போட்டோகிராபர் வெளியூர்க்காரர். குதூகலமாகிவிட்டார். "சார், செம்ம லொகேஷன்! அப்படியே ஊட்டி மாதிரி இருக்கு. மேடம் நுரையக் கிழிச்சிக்கிட்டு வர்ற மாதிரி எடுத்தா பிச்சிக்கும்!"

மேனேஜர் முகத்தில் காலை ஆறு மணி வாசகம் எதுவும் இல்லை.

"எறங்கட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"வேணாம் மேடம்."

"நீங்க தான சார் சொன்னீங்க, சுத்தமான தண்ணி... ஒரு கால் மட்டும் வெச்சிப் பாருங்களேன், நான் பலகையப் புடிச்சிக்கிறேன்."

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். எங்கள் ஷூதான், என் கையால் பாஸ் ஆனது. "வெளிச்சம் கம்மியா இருக்கு," என்றார், கண் கூசுகிற வெயிலில். "இன்னொரு நாள் பாத்துக்கலாம். பேக் பண்ணுங்க."

திரும்பும்போது காரில் எனக்கு உள்ளுக்குள் வெற்றிக் களிப்பாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரியிடம் எப்படிச் சொல்லவேண்டும் என்று வரி வரியாக யோசித்துக்கொண்டே வந்தேன். கம்பெனி கேட்டுக்குள் கார் நுழைந்தபோது களிப்பு இறங்கிவிட்டது. கேலிதான் செய்தேனே தவிர, அந்த நுரையில் நம்முடையது எவ்வளவு சார் என்று நான் கேட்கவில்லை. நூல் பிரிந்ததற்கெல்லாம் அம்புக்குறி ஒட்டுகிறவள் இதற்கு ஒட்டவில்லை. அவருக்கு ஷூ நனையக்கூடாது. எனக்குச் சம்பளம் நனையக்கூடாது. அன்றைக்கு எண்பது ஜோடி பாஸ் செய்தேன். மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்து மேஜைக்காரியிடம் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில், "கேட்டிருந்தா மட்டும் பதில் சொல்லிருப்பானா? பேஜாருக்கா, வுடு," என்றாள். விட்டேன். விட்டது இன்னும் குத்துகிறது.

இன்னொரு நாள் வரவில்லை. இரண்டு வாரத்தில் ஆறு வற்றியது. நுரை நின்ற இடமெல்லாம் மணல்மேல் மஞ்சளாக ஒரு பொருக்கு, மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கியது. லாரிகள் மற்ற இடங்களில் மறுபடி இறங்கின.

கிறிஸ்துமஸ் லீவில் வீட்டுக்காரர்தான் சொன்னார், "மாமல்லபுரம் போலாமா?" என்று. மாவுக்கட்டு பிரிக்க இன்னும் பத்து நாள் இருந்தது. வேலூர் போய், அங்கிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறிப் போனோம். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவர் அது என்ன பலகை என்று கேட்டார். வீட்டுக்காரர் முதல் பஸ்ஸில் உராய்வு விதியிலிருந்து விளக்கினார். மூன்றாவது பஸ்ஸில், "இவங்க ஓட்டுவாங்க," என்று என்னைக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆறு சும்மா படுத்துக்கிடக்கும். கடல் அப்படியில்லை. தண்ணீர் வருகிறது, போகிறது, விரற்கடை ஆழம் என்பது நாலைந்து நொடிதான் இருக்கிறது. முதலில் அலைக்கு முந்தி ஓடி வெறும் மணலில் பலகையை மோதினேன். பிறகு பிந்தி ஓடி இடுப்புவரை நனைந்தேன். ஆற்றில் ஓரளவு தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனது இங்கே செல்லவில்லை. ஆறு தடவை விழுந்தேன். துப்பட்டாவை இந்தத் தடவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன் என்பது ஒன்றுதான் முன்னேற்றம்.

ஏழாவதுக்குப் பலகையை எடுக்கும்போது விசில் சத்தம். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய வந்தார். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏம்மா! ஆழத்துக்குப் போகாத! சொன்னா கேக்க மாட்டியா?" என்று அதட்டினார். பிறகு, பொறுப்பான ஆண்பிள்ளையைத் தேடி, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் போனார். "சார், அம்மாவக் கூட்டிட்டுப் போங்க. வயசான காலத்துல அடிகிடி பட்டா யாரு பதில் சொல்றது?"

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நான்தான் சார் அடிபட்டவன்," என்றார் கையைத் தூக்கிக் காட்டி. "அவங்க நல்லாத்தான் இருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு அலை ஏறி, உடைந்து, திரும்ப ஆரம்பித்தது. பலகையை வீசினேன், ஓடினேன், கடைசி இரண்டு எட்டையும் முழுசாக வைத்தேன், ஏறினேன். போலீஸ்காரர் விட்டபாடில்லை. ஈர மணலில் எனக்கு இணையாக பூட்ஸோடு ஓடிவந்தபடி விசில் ஊதிக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கி அவர் நின்ற பிறகும் நான் கொஞ்ச தூரம் போனேன்.